பொன்னுக்கு வீங்கிய பள்ளிக்கூடம்

வா தாயி, இங்கிட்டு உக்காரு. எடம் இருக்கு. ஏங்க, கொஞ்சம் ஜன்னலோட ஒட்டுங்க, புள்ளக்காரி நிக்கிறா. ம், அப்பிடித்தான். புள்ளைய உம் மடியில வச்சுக்க. ஆத்தாடி, கன்னம் என்ன இப்பிடி வீங்கியிருக்கு? அந்தத் துண்டக் கொஞ்சம் விலக்கு, பாப்போம். ஒரு பக்கந்தானா? மொதல்ல ஒரு பக்கந்தான் வரும். ரெண்டு நாள் பொறுத்து அந்தப் பக்கமும் வரும், பாத்துக்க.

பல்லு புடுங்குனதா? யாரு சொன்னா? மதுரையில பெரிய பல்லு டாக்டரா? சரி, பல்லும் புடுங்கியிருப்பாரு, நான் இல்லேங்கல. ஆனா இது பொன்னுக்கு வீங்கி. எங்கிட்ட வந்து சொல்றியே, நான் பாக்காத பொன்னுக்கு வீங்கியா? பதினேழு பேருக்குப் பாத்திருக்கேன் தாயி. ஒரே எடத்துல, ஒரே செயின வச்சு.

இந்தா, கழுத்துல கெடக்குதே, இதே செயின்தான். மூணு பவுனு. குட்டைச் செயின், பாத்தாச் சின்னதாத் தெரியும், ஆனா கெட்டி. பொன்னுக்கு வீங்கி வந்தா கழுத்துல தங்கம் கெடக்கணும்னு உங்க ஊருல சொல்லுவாகளா? சொல்லுவாகல்ல. கழட்டித் தாரேன், உம் மகளும் தேனி வரைக்கும் போட்டுக்கட்டும். அவசரமில்ல, மொதல்ல நான் சொல்றதக் கேளு. கேட்டாத்தான் செயினோட அருமை தெரியும்.

நாங்க உசிலம்பட்டி. எம் பேரு ஒச்சம்மா. இவுக எங்க வீட்டுக்காரவுக. இவுககிட்ட ஏதாச்சும் பேசணும்னா இந்தப் பக்கத்துலருந்து பேசணும். இடது காது போச்சு, வலது காதுதான் கேக்கும். அதனால நான் எங்க உக்காந்தாலும் இவுக வலது பக்கம்தான். அந்தக் காது எப்பிடிப் போச்சுங்கறதும் இந்தக் கதையிலயே வருது.

நாங்க ரெண்டு பேரும் கோலாப்பூருல முறுக்குப் போட்டுக்கிட்டிருந்தோம். பதினோரு வருசம். இவுக மாவு பெசைவாக, நான் சுத்துவேன். கொரோனா வந்துச்சுல்ல, எல்லாத்தையும் பூட்டிட்டான். முறுக்கு யாரு திங்கிறா? எண்ணெச் சட்டியக் கவுத்துப் போட்டுட்டு ரெண்டு மாசம் உக்காந்திருந்தோம். இங்க எம் மக தமயந்தி மாசமா இருக்கா. தலைப்பிரசவம். ஆனி மாசம் தேதி. தலைப்பிரசவம்னா தாய் வீட்டுலதான? தாய் இல்லாத தாய் வீட்டுல அவ வந்து உக்காந்திருக்கா, எங்க நாத்தனா துணைக்கு இருக்கா. எம் மக போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அம்மா, வலி வாரப்ப நீ இருக்கணும்மா. வேற எதுவும் வேணாம்"னா. இருப்பேன்டின்னு வாக்குக் குடுத்தேன். வைகாசி மாசமே வந்துருவேன், உனக்கு மருந்து நான்தான் இடிச்சுத் தருவேன், தலைக்கு நான்தான் தண்ணி ஊத்துவேன்னு அடிச்சுச் சொன்னேன்.

வெங்காய லாரியில ஏறி வந்தோம். மூணு நாளு. நான் இன்னைக்கு வரைக்கும் வெங்காயம் நறுக்குனா கண்ணுல தண்ணி வாறதில்ல, எல்லாம் அப்பவே தீந்துபோச்சு. கர்நாடகாவக் கடந்து நம்ம எல்லையில கால வச்சோம். அம்புட்டுத்தான், போலீஸு மறிச்சு எறங்குன்னான். ஓசூருக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். வெளி மாநிலத்துலருந்து வாறவுக அம்புட்டுப் பேரையும் அதுல போட்டு வச்சிருந்தாக. பதினாலு நாளு இருக்கணும், அப்பறம் அந்தந்த மாவட்டத்துக்குப் பஸ்ஸு விடுவோம்னாக. நான் விரல விட்டு எண்ணிப் பாத்தேன். பதினாலு நாளுன்னா சரியா இருக்கும், மகளுக்கு அதுக்கப்பறமும் இருவது நாளு இருக்கு.

எங்களுக்கு எட்டாம் வகுப்பு ரூம்பு. பெஞ்சையெல்லாம் ஒரு மூலையில அடுக்கி வச்சிருந்தாக. கரும்பலகையில மார்ச் மாசத்துத் தேதி போட்டு என்னமோ கணக்கு எழுதியிருந்துச்சு, பாதியில நிக்கிது. வாத்தியாரு பாதியிலயே ஓடிட்டாரு போல. எங்க ரூம்புல பதினெட்டுப் பேரு. பள்ளிக்கூடம் முழுக்க எம்பது பேரு இருப்போம். செங்கச் சூளைக்காரவுக, பாத்திர யாவாரி, தாராவியில இட்லி வித்தவரு, எல்லாச் சனமும் கலந்து. ஒரு நர்ஸ் பொண்ணு இருந்துச்சு. ஜெபக்கனின்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம். இருவத்திமூணு வயசுதான். தலையிலருந்து காலு வரைக்கும் பிளாஸ்டிக்கப் போட்டுக்கிட்டு வேர்வையில ஊறிப்போயி வரும். அதப் பாத்தாலே பாவமா இருக்கும்.

அந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் நான் கேட்டேன் தாயி. மாஸ்க்குப் போடுன்னுச்சு, போட்டேன். கையக் கழுவுன்னுச்சு, கழுவுனேன். ஒருத்தர் தம்ளர இன்னொருத்தர் தொடக்கூடாதுன்னுச்சு, எந் தம்ளர இவுகளுக்குக்கூடக் குடுக்கல. சுத்தத்துல என்னைய யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

மூணாம் நாளு, செங்கச் சூளை அஞ்சலை இருக்காளே, அவ மக சங்கவி, ஆறு வயசு, காலையில எந்திரிக்கிறப்ப கன்னம் வீங்கிக்கெடக்கு. இதோ உம் மகளுக்கு இருக்குற மாதிரியேதான். ரூம்பே அலறிப்போச்சு. கொரோனா கொரோனான்னு எல்லாரும் செவத்தோட ஒட்டிக்கிட்டாக. நான்தான் கிட்டப் போயிப் பாத்துட்டுச் சிரிச்சேன். "அடிப் போங்கடி, இது பொன்னுக்கு வீங்கி"ன்னேன். அஞ்சலை அழுகுறா. "அக்கா, எங்கிட்டத் தங்கம்னு சொல்லிக்கப் பொட்டு கூட இல்லையே"ங்குறா. எனக்கு மனசு கேக்கல. பெத்தவ அழுதா யாருக்குக் கேக்கும்? ஒரே நிமிசத்துல கழட்டி அந்தப் புள்ள கழுத்துல போட்டேன்.

நர்ஸ் பொண்ணு வந்து பாத்துட்டு ஆமான்னுச்சு, இது வேற கிருமி, கொரோனா இல்லன்னுச்சு. செயினப் பாத்துச் சிரிச்சுச்சு. "போட்டுக்கட்டும்மா, தங்கம் ஒண்ணும் பண்ணாது. ஆனா புள்ளையத் தனி ரூம்புல வைக்கணும், எச்சில் பட்டா ஒட்டிக்கும்"னுச்சு. நல்ல பொண்ணு. தனி ரூம்புல வச்சாக. நாலு நாள்ல வீக்கம் வத்திருச்சு. வத்தாம என்ன செய்யும்? மூணு பவுனு.

அன்னையிலருந்து எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்த மரியாதையப் பாக்கணுமே! ஹெட்மாஸ்டருக்குக்கூட அப்பிடி இருந்திருக்காது. சோத்துக்கு வரிசையில நின்னா, "ஒச்சம்மாக்காவ முன்னாடி விடுங்க"ம்பாக. புள்ளைக வச்சிருக்கவ அம்புட்டுப் பேரும் வந்து நிக்கிறா. "அக்கா, வர்றதுக்கு முந்தியே ஒரு நேரம் போட்டு வச்சுட்டா நல்லதுதான?" கேக்குறது நாயந்தான. ஒரு புள்ளைக்கு ஒரு நேரம்னு முறை வச்சேன். காலையில இது, மத்தியானம் அது, சாயங்காலம் இன்னொண்ணு. எடையில நம்ம பொருளு நம்மகிட்டயும் தங்கணுமேன்னு இவுக கழுத்துலயும் போட்டு எடுப்பேன். இவுக வேணாம்பாக. நான் கேக்கணும்ல?

இதுல ஒரே ஒரு இடைஞ்சல். இந்தச் செயினுக்குக் கொக்கி கொஞ்சம் லூசு. கையால மாட்டுனா நிக்காது. பல்லால கடிச்சாத்தான் மாட்டும், பல்லால கடிச்சாத்தான் கழறும். மூஞ்சியில மாஸ்க்கு வேற. அத எறக்கிட்டுக் கடிச்சு மாட்டிட்டு, திரும்ப ஏத்திக்கிருவேன். நான் இல்லாத நேரம் அந்தந்தப் புள்ளையோட அம்மாவே கடிச்சுக் கழட்டிக் கொண்டாந்து தந்துரும். அஞ்சலையெல்லாம் என்னையவிட நல்லாக் கடிப்பா. பெரிய புள்ளைகளா இருந்தா அதுகளே கடிச்சுக்கிரும். எல்லாருக்கும் பழகிப்போச்சு.

கொக்கியச் சரி பண்ணுனா என்னன்னு கேக்குறியா? நாலு வருசமா இவுககிட்டச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். காதுல வாங்கவே மாட்டாக. இன்னைக்குக் காலையில என்ன நெனச்சாகளோ, கெளம்பி வாசலுக்கு வந்தாச்சு, கையில குறடோட வந்து நிக்கிறாக. "திரும்பு"ன்னாக. எனக்கே வெக்கமாப் போச்சு. தாலி கட்டுனதுக்கு அப்பறம் எங் கழுத்துல இவுக கை வச்சு ஒண்ணு மாட்டிவிட்டது இன்னைக்குத்தான். கொக்கியப் போட்டு, குறட வச்சு ஒரு அழுத்து அழுத்துனாக. "பஸ்ஸுல கூட்டமா இருக்கும், விழுந்துரும்"னாக. வாய் பேசலன்னாலும் பாசம் இருக்கத்தான் செய்யிது தாயி. என்ன, அது வெளிய வர நாலு வருசம் ஆகுது.

எங்க விட்டேன்? ஆங், முறை வச்சேன். தாராவி இட்லிக்காரரு ராசாமணின்னு ஒருத்தரு, முறுக்கு மீசை. அவரு மட்டும் நக்கலடிப்பாரு. "தங்கத்துக்கும் தாடைக்கும் என்னம்மா சம்பந்தம்? மொதல்ல இது தங்கந்தானா?"ன்னு எங் கையிலருந்து வாங்கி, நாலு பேரு பாக்க ஒரு கடி கடிச்சுப் பாத்தாரு. பல்லுத் தடம் பதிஞ்சுச்சு. "தங்கந்தான்"னு ஒத்துக்கிட்டுத் திருப்பித் தந்தாரு. சந்தேகப்பட்டவரு சும்மா இருப்பாரா? பின்னாடி வருது பாரு.

பதினாலாம் நாளு வந்துருச்சு. மதுரை மாவட்டத்துப் பஸ்ஸு காலையிலயே வந்து நிக்கிது. மூட்டையக் கட்டி, தலையச் சீவி, இவுகளுக்கு வெள்ளச் சட்டை போட்டுவிட்டு வரிசையில நிக்கிறோம். தமயந்திக்குப் போன் போட்டு, "ராத்திரிச் சோத்துக்கு வந்துருவேன்டி, கத்திரிக்காய்க் கொழம்பு வையி"ன்னுட்டேன். பேரு வாசிக்கிறாக. எம் பேரும் வாசிச்சாச்சு. அப்பத்தான் நர்ஸ் பொண்ணு ஓடி வருது. ரெண்டு புள்ளைகளுக்குக் கன்னம் வீங்கியிருக்காம். தடவிப் பாத்தா மூணாவதுக்கும் இருக்கு. எம்பது பேரையும் திரும்ப உள்ள போகச் சொல்லிட்டாக. ஊரு ஊருக்கு இதக் கொண்டுபோயி விட முடியாதாம். வந்த பஸ்ஸு ஆளில்லாமத் திரும்பிப் போகுது தாயி. அந்தப் பஸ்ஸுப் பொறத்தால ஓடலாம்போல இருந்துச்சு எனக்கு.

அழுது என்ன ஆகப்போகுது? வீங்குன புள்ளைகளக் கவனிக்கணும்ல? கழுத்துலருந்து கழட்டினேன். இந்தத் தடவ சுறுசுறுப்பாச் சுத்தி வந்தேன். சீக்கிரம் எல்லாருக்கும் போட்டு முடிச்சாத்தான சீக்கிரம் வத்தும், சீக்கிரம் வத்துனாத்தான சீக்கிரம் பஸ்ஸு வரும்? எம் மகளுக்கு நாளு நெருங்குது. ஒரு நாளைக்கு நாலு கழுத்து, அஞ்சு கழுத்துன்னு போட்டேன். வேற பொம்பளையா இருந்தா, எம் பொருளு எங்கிட்டயே இருக்கட்டும்னு இருந்திருப்பா.

ராசாமணிக்கும் வந்துச்சு. ரெண்டு பக்கமும் வீங்கி மீச நடுவுல காணாமப் போச்சு. ஆளு விட்டாரு, செயினக் குடுக்கச் சொல்லி. நான் போகல. ரெண்டாவது ஆளு விட்டாரு, போகல. மூணாவது தடவ அவரே வந்து, வாயத் தொறக்க முடியாம, கையால கழுத்தக் காட்டுனாரு. "தங்கத்துக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டேன். கும்பிட்டாரு. போட்டேன்.

அதைவிடக் கூத்து, கேட்டுல நிக்கிற போலீஸ்காரரு. எங்களுக்குக் காவல். கம்பிக் கேட்டுக்கு வெளியதான் நிப்பாரு, உள்ள வரக்கூடாது. ஒரு நாளு என்னைய மெதுவாக் கூப்புட்டாரு. "ஏம்மா, எனக்கும் காதுக்குக் கீழ லேசா வலிக்கிற மாதிரி இருக்கு, எனக்கும் வந்துருமோ?"ன்னு கம்பிக்கு நடுவுல கழுத்த நீட்டுறாரு. மாட்டிவிட்டேன். காக்கிச் சட்டைக் காலருக்குள்ள மறைச்சுக்கிட்டு ரெண்டு நாளு டூட்டி பாத்தாரு. திருப்பித் தாரப்ப அவரே பல்லால கடிச்சுக் கழட்டி, ஒரு சல்யூட்டும் அடிச்சாரு. போலீஸு எனக்கு சல்யூட் அடிச்சது அன்னைக்குத்தான். அவருக்கு அப்ப ஒண்ணுமில்ல, சும்மா வலி. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் நெசமா வீங்குச்சாம். நான் அதுக்குள்ள போட்டு விட்டதுனால லேசோட போச்சுன்னு நெனைக்கிறேன்.

ஆனா பாரு, எம்புட்டுப் பேருக்குப் போட்டாலும் புதுசு புதுசா ஒருத்தருக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. வந்தவுடனே நாளு தள்ளிப்போகும். எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணி சரியில்ல. சாம்பாருல புளிய ஊத்தி ஊத்தி வைப்பாக, வீங்குன வாய்க்குப் புளி ஆகுமா? சமைக்கிறவுககிட்டச் சண்டையே போட்டேன். யாரு கேட்டா?

கடைசியா எங்க வந்துச்சு தெரியுமா? எங்கிட்ட இல்ல. எனக்குச் சின்னதுலயே வந்து போச்சு, ஒரு தடவ வந்தா மறுபடி வராதாம். இவுகளுக்கு வந்துச்சு. முப்பத்திரெண்டாம் நாளு. புள்ளைகளுக்கு வந்தா வெளையாட்டாப் போயிரும், பெரிய ஆளுகளுக்கு வந்தா ஆள உருட்டிப்புடும். காச்சல்னா அப்பிடி ஒரு காச்சல். கஞ்சிகூட எறங்கல. தலையச் சுத்துதுன்னு செவத்தப் புடிச்சுக்கிட்டு நடந்தாக. நான் செயின இவுக கழுத்துல போட்டு, இனிமே இது யாருக்கும் கெடையாதுன்னு சொல்லிப்புட்டேன். மத்தவுக வந்து வந்து கேட்டாக. அஞ்சலைகூடக் கேட்டா. மாட்டேன்னுட்டேன். சுயநலந்தான், இல்லேங்கல. எம் புருசன் எனக்கு முக்கியமில்லையா? ஒம்பது நாளு இவுக கழுத்தவிட்டு எறக்கல. மத்தவுகளுக்குக் குடுக்க முடியாமப் போச்சேன்னு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல். ஆனா சாமி இருக்கு தாயி. அதுக்கப்பறம் புதுசா யாருக்குமே வரல.

இதுக்கு நடுவுலதான் அந்தப் போனு வந்துச்சு. காலையில ஒரு ஏழு மணி. நாத்தனா பேசுறா. "ஒச்சு, ஆம்பளப் புள்ள. ரெண்டும் நல்லாருக்கு"ன்னா. பெஞ்சுல உக்காந்துட்டேன். "இந்தா, உம் பேரன் கத்துறதக் கேளு"ன்னு போனப் புள்ளைகிட்டப் புடிச்சா. வீல்லுன்னு ஒரு சத்தம். அப்பிடியே எந்திரிச்சுப் போயி, படுத்துக்கெடந்த இவுக காதுல போன வச்சேன். "பேரன் அழுகுறான், கேளுங்க"ன்னேன். இவுக முழிக்கிறாக. "ஒண்ணும் கேக்கலையே"ங்குறாக. டவரு இல்லையோன்னு வாங்கி எங் காதுல வச்சா, காதக் கிழிக்கிற மாதிரி கத்துறான். திரும்ப இவுக காதுல வச்சேன். "கேக்கலையே ஒச்சம்மா." அப்பத்தான் இந்தப் பக்கம், வலது காதுல மாத்தி வச்சேன். வச்சதும் இவுக மூஞ்சி மாறுச்சு பாரு. சிரிப்பு. கண்ணுல தண்ணியா ஊத்துது, சிரிக்கிறாக.

எனக்குச் சிரிப்பு வரல. எனக்கு ஒரே நிமிசத்துல ரெண்டும் தெரிஞ்சுச்சு. மக பெத்துட்டா, நான் கூட இல்ல. புருசனுக்கு ஒரு காது போச்சு, நான் கூடவே இருந்தும் தெரியல. வராண்டாவுல போயி உக்காந்து அழுதேன் தாயி. சங்கவி வந்து எம் பக்கத்துல உக்காந்து, "பாட்டி, செயினு தொலைஞ்சுபோச்சா?"ன்னு கேக்குது. அதுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்.

நர்ஸ் பொண்ணு காதப் பாக்க வந்துச்சு. சில பேருக்கு இந்த நோவுல இப்பிடி நரம்பு போயிரும், திரும்பி வாறது கஷ்டம்னுச்சு. நான் அதுகிட்டப் பேசிக்கிட்டே இவுகளக் குளிப்பாட்டணுமேன்னு மாஸ்க்க எறக்கி, இவுக கழுத்துல செயினக் கடிச்சுக் கழட்டுனேன். அந்தப் பொண்ணு குனிஞ்சு கொக்கியப் பாத்துச்சு. "அம்மா, இப்பிடித்தான் எல்லாருக்கும் மாட்டுனீங்களா?"ன்னு கேட்டுச்சு. "ஆமா கண்ணு, கொக்கி லூசு. நானும் கடிப்பேன், அவுகளும் கடிப்பாக"ன்னேன். "மொதல்ல யாருக்குப் போட்டீங்க? அடுத்து யாருக்கு?"ன்னு வரிசையாக் கேட்டுச்சு. எனக்கு ஒவ்வொண்ணும் நெனப்பு இருந்துச்சு. கரும்பலகையில இருந்த அந்த மார்ச் மாசத்துக் கணக்க அழிச்சுட்டு, பேரெல்லாம் எழுதி வட்டம் போட்டு, சங்கவிக்கிட்டருந்து கோடு இழுத்துச்சு. அங்கருந்து புள்ளைகளுக்கு, ராசாமணிக்கு, கேட்டுப் போலீஸுக்கு. செயின் போன வழியெல்லாம் கோடு. பலகையே நெறஞ்சுபோச்சு. கடைசி வட்டத்துல இவுக பேரு. எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு. நம்ம செஞ்சதயும் ஒருத்தி படம் போட்டு வச்சாளேன்னு. சோறாக்குறவுகளையெல்லாம் கூப்புட்டுக் காட்டலாமான்னுகூட நெனச்சேன்.

நான் வெந்நி எடுக்கப் போயிட்டேன். திரும்பி வாரப்ப ஜன்னல் வழியாப் பாக்குறேன், அந்தப் பொண்ணு இவுக பக்கத்துல குனிஞ்சு என்னமோ சொல்லிக்கிட்டிருக்கு. பலகையக் காட்டுது, வாசலக் காட்டுது. இவுக தலைய ஆட்டி ஆட்டி வேணாங்குறாக. அப்பறம் ரெண்டு கையையும் எடுத்து அந்தப் பொண்ணக் கும்பிட்டாக. வயசுல மக மாதிரி, அதப் போயி கும்பிடுறாக. அந்தப் பொண்ணு துணிய எடுத்துப் பலகைய அழிச்சிருச்சு. எனக்கு வருத்தமாப் போச்சு, இன்னொரு தடவ பாக்கலாம்னு இருந்தேன்.

உள்ள வந்து, "என்ன சொல்லுச்சு?"ன்னு இவுககிட்டக் கேட்டேன். "கேக்கல"ன்னாக. "எதுக்குக் கும்பிட்டீக?"ன்னேன். "நல்லாப் பாத்துக்கிட்டுச்சுல்ல, அதுக்கு"ன்னாக. இன்னைக்கு வரைக்கும் கேக்குறேன், கேக்கல கேக்கலைங்குறாக. ஆனா எனக்கு நல்லா நெனப்பு இருக்கு தாயி, அந்தப் பொண்ணு நின்னது வலது பக்கம்.

எங்கிட்ட அந்தப் பொண்ணு ஒண்ணுந்தான் சொல்லுச்சு. செயின அதுவே வாங்கிக் கொதிக்கிற தண்ணியில போட்டுக் கழுவி, எங் கையில வச்சு மூடி, "அம்மா, இது உங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே யாருக்கும் குடுக்காதீங்க"ன்னுச்சு. களவு போயிருமேன்னு அதுக்கு அம்புட்டு அக்கறை. நாப்பத்தெட்டாம் நாளு விட்டாக. நான் வீடு போயிச் சேர்றப்ப பேரனுக்குப் பத்து நாளு. தலைக்குத் தண்ணியெல்லாம் நாத்தனா ஊத்தி முடிச்சுட்டா. எம் மக ஒரு வார்த்த சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் தாங்கல, நாலு வார்த்த திட்டியிருந்தா ஆறியிருக்கும்.

இப்ப அதே பேரனுக்குத்தான் கன்னம் வீங்கியிருக்காம். நேத்துப் போன் வந்துச்சு. போடியில குடுத்திருக்கோம் அவள. "செயின எடுத்துக்கிட்டு ஒரே ஓட்டமா வாரேன்"னேன். "வேணாம்மா, டாக்டர் பாத்தாச்சு. தனியாப் படுக்க வச்சிருக்கோம், வீட்டுல எட்டு மாசக் கைப்புள்ள இருக்கு, நீ அப்பறமா வா"ங்குறா. கைப்புள்ள இருக்குறதுனாலதான்டி வாரேன். மொதல்ல பேரனுக்குப் போட்டு எடுத்து, கையோட அந்தச் சின்னதுக்கும் ஒரு நேரம் போட்டுட்டா அதுக்கு வராமலே போயிரும்ல? அன்னைக்குத்தான் அவ கூப்புட்டப்ப இல்லாமப் போயிட்டேன். இன்னைக்கு அவ வேணாம்னாலும் போயி நிப்பேன்.

ஆண்டிபட்டி தாண்டியாச்சு. நீ தேனியிலதான எறங்கணும்? அதுக்குள்ள உம் மகளுக்கும் கொஞ்ச நேரம் கெடக்கட்டும். பல்லுதாங்கிறியா? சரி, பல்லாவே இருக்கட்டும், தங்கம் கெடந்தா பல்லுக்குக் கெட்டதா? வெக்கப்படாத. திரும்பு கண்ணு, பின்னலத் தூக்கிக்க. இரு, கழட்டுறேன். இந்தக் கொக்கியப் பல்லால கடிச்சாத்தான்... ம்... ம்ம்... என்ன இது? பல்லுக்குள்ளயே போகல. நசுங்கிப்போயிக் கெடக்குது. கொக்கியும் வளையமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போயி... தலை வழியா எடுக்கலாம்னா குட்டைச் செயினு, மூக்கத் தாண்டாது.

ஏங்க. காலையில குறட வச்சு என்ன பண்ணுனீக? ஏங்க, உங்களத்தான். கொக்கி கழற மாட்டேங்குது. அங்க புள்ளைகளுக்கு எப்பிடிப் போடுறது? ஏங்க!

பாத்தியா தாயி? ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டுக் கைய ஆட்டுறாக. கேக்கலையாம். நான் வலது பக்கந்தான உக்காந்திருக்கேன்?